பசித்த பேனும் என் பயறு மருமகளும்

முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வாசல் தொட்டியில் இருந்த அவரைக் கொடியின் இலையைத்தான் திருப்பிப் பார்த்தாள் என் சின்ன மருமகள். கூட்டி வந்த என் மகன் பக்கத்தில் நின்று நெளிந்தான்.

“இலைக்கு அடியில பேன் அடைஞ்சு கெடக்கு, அத்தை. சோப்புத் தண்ணி அடிச்சா போயிடும். சோப்பு எங்க இருக்கு?”

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். இந்தப் பெண் நமக்கு ஒத்து வருவாளா என்று யோசிக்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை. அதற்குள் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டுவிட்டது.

வீட்டில் அவளுக்குப் ‘பயறு’ என்று பெயர். நான் வைத்ததுதான். காய்ந்த நெற்று வெயிலில் வெடித்தால் பயறு நாலா பக்கமும் தெறிக்கும் பாருங்கள், அவள் பேச்சு அப்படித் தெறிக்கும். சந்தோஷம் வந்துவிட்டால் அவளால் உட்கார முடியாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அறைக்கு அறை நடந்துகொண்டேதான் சாப்பிடுவாள். பின்னாலேயே நான் குழம்புக் கரண்டியோடு போக வேண்டும்.

பொருத்தமான பெயர் என்று இன்றைக்கும் சொல்வேன், ஏனென்றால் அவள் வேலையும் பயறுதான். பேருந்து கடைசியாக நிற்கும் இடத்தில் ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தட்டைப்பயற்றில் புது ரகம் உண்டாக்குவது அவள் உத்தியோகம். சாயங்காலம் ஒரு மொட்டை மெதுவாகப் பிரித்து, ஊசி முனை போன்ற இடுக்கியால் உள்ளே இருக்கும் மகரந்தத்தை எடுத்துவிட வேண்டும். மறுநாள் விடிந்ததும் வேறொரு ரகத்தின் பூவைக் கொண்டுவந்து அதன்மேல் தடவ வேண்டும். பத்து மொட்டில் தடவினால் இரண்டு காய்க்கும். அந்த இரண்டிலிருந்து விதை எடுத்து, விதைத்து, நல்லதைப் பொறுக்கி, மறுபடி விதைத்து... கேட்கிற எனக்கே மூச்சு வாங்கும். மழை தள்ளிப்போனாலும் வாடாமல் நிற்கிற ஒரு ரகத்தை அவள் இப்படித்தான் உண்டாக்கினாள். ஆரம்பித்தபோது என் பேரன் தவழ்ந்துகொண்டிருந்தான். விதை மூட்டைகள் குளிர் அறையில் அடுக்கப்பட்டபோது அவன் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அடுத்த விதைப்புக்கு அந்த மூட்டைகள் விவசாயிகள் கைக்குப் போவதாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் நோய் வந்தது.

ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். பையிலிருந்து ஒரு கண்ணாடிக் காகித உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே ஓர் இலை. நரம்பை ஒட்டி மட்டும் கரும்பச்சை, மற்ற இடமெல்லாம் வெளிறிப்போய், கொப்புளம் கொப்புளமாக, ஓரம் உள்ளே சுருண்டு கிடந்தது. யாரோ பச்சை மையை எடுத்து நரம்பை மட்டும் வரைந்துவிட்டு, மீதிக்கு மை தீர்ந்துபோன மாதிரி இருந்தது.

“விதை வயல்ல பாதிச் செடி இப்படி நிக்குது, அத்தை.”

என் மகன் அவள் முகத்தைப் பார்த்தான். “பயிர் படுத்துக் கெடக்குதுங்கற. உன் மூஞ்சியப் பார்த்தா பரிசு விழுந்த மாதிரி இருக்கு?”

“பயமாத்தாங்க இருக்கு. ஆனா இப்படி ஓர் இலையை நான் எந்தப் புத்தகத்துலயும் பார்த்ததில்லையே!” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள்.

வயல் மேற்பார்வையாளர் அதைச் சத்துக் குறைவு என்றாராம். உரம் கரைத்துத் தெளித்தால் சரியாகிவிடும் என்றாராம். இவளுக்கு வைரஸ் என்று சந்தேகம். வைரஸ் என்றால் கண்ணுக்குத் தெரியாத, ரொம்ப ரொம்பச் சின்னக் கிருமி என்று எனக்கு விளக்கினாள். நிலையத்தில் பயிர் நோய் பார்க்கிற பெரியவர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அவருடைய நாற்காலி காலியாகவே கிடந்தது. அதனால் அந்த வேலையும் இவள் தலையில் விழுந்தது. தினமும் அவருக்குப் போன் போடுவாள். “சார், சார், சார்” என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் விஷயமே வெளியே வரும்.

முதலில் சாறு தேய்த்துப் பார்த்தாள். அதை எனக்குச் சமையலறையிலேயே செய்து காட்டினாள். என் இஞ்சி இடிக்கும் கல்லில் நான் ஆய்ந்து வைத்திருந்த கீரையைப் போட்டு நசுக்கினாள். “நோய் இலையை இப்படி அரைச்சுக்கணும். நல்ல செடியோட இலைமேல சன்னமான பொடி தூவிக்கணும், இலைத்தோல்ல லேசா கீறல் விழுறதுக்கு. அப்புறம் சாறைத் தொட்டு இப்படி...” என்று என் முழங்கையில் தேய்த்துவிட்டாள்.

“எனக்கு நோய் வந்துடப் போகுதுடி!”

“நீங்க தட்டைப்பயறா இருந்தா வரும்.”

பத்துப் பன்னிரண்டு நாளில் தேய்த்த செடிகளெல்லாம் அதே மாதிரி வெளிறின. வெறும் தண்ணீர் தேய்த்த செடிகள் நன்றாகவே நின்றன. சத்துக் குறைவு சாறு வழியாக ஒட்டிக்கொள்ளுமா? மேற்பார்வையாளரே ஒத்துக்கொண்டார். அடுத்ததாக, பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு இலையை அனுப்பி, அங்கே இருக்கிற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து வாங்கினாள். அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். எனக்கு அது சீப்பில் சிக்கிய முடி மாதிரி தெரிந்தது. மெல்லிசாக, நீளமாக, லேசாக வளைந்து வளைந்து.

“அதேதான் அத்தை! முடி மாதிரி இருந்தா அது ஒரு குடும்பம். உருண்டையா இருந்தா வேற குடும்பம். இப்ப குடும்பம் தெரிஞ்சுபோச்சு, ஆள் யாருன்னுதான் தெரியணும்!”

அந்தக் குடும்பத்தில் பயற்றைப் பிடிக்கிற தெரிந்த ஆட்கள் உண்டாம். அவர்களைக் கண்டுபிடிக்கிற சோதனையில் நிறம் மாறும். இவள் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கும் நிறம் மாறவில்லை. அப்படியென்றால் இது புதிய ஆள். அன்றைக்கு அவள் நின்றுகொண்டுகூடச் சாப்பிடவில்லை. இரண்டு வாய் நான்தான் ஊட்டினேன், சுவரில் சாய்த்து நிறுத்தி.

ஆனால் நிலையத்தின் தலைவர் வேறு ஒன்றைக் கேட்டார். நியாயமான மனிதர்தான், சிரிக்கத்தான் தெரியாது. விதை வழியாகப் பரவும் நோய் என்றால் விதையைக் கொளுத்திவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். விதை வயலில் விதைத்ததும் குளிர் அறை மூட்டை விதைதான். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து இவள் பூச்சி நுழையாத வலைக்கூடத்தில் விதைத்துப் பார்த்திருந்தாள். நூற்றுக்கணக்கான நாற்றில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் நோய் தெரிந்தது.

அப்பாடா என்று நினைத்தாளாம். தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்: “வலைக்குள்ள நாலு செடியில நோய். வெளிய பாதி வயல்ல நோய். மிச்சத்துக்கு எங்கேருந்தும்மா வந்துச்சு? ஒண்ணு, பூச்சி எடுத்துட்டுப் போயிருக்கணும். இல்லன்னா மத்த விதையிலயும் வெளிய காட்டாம உள்ள ஒளிஞ்சிருக்கணும். பூச்சிதான்னு நிரூபிங்க, நோய்ச் செடியை மட்டும் களைஞ்சுட்டு விதையைக் காப்பாத்தலாம். முடியலன்னா கொளுத்திடுவோம். விவசாயி வயலுக்கு நோயை மூட்டை கட்டி அனுப்ப என்னால முடியாது.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்று இவளே சொன்னாள். ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே நேரம் கொடுத்தார்.

யார் எடுத்துப் போகிறார்கள் என்று இவளுக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டு அவரையில் இவள் பார்த்த அதே செடிப்பேன்தான். புத்தகத்தில் அசுவினி என்பார்கள். சுத்தமான பேன்களை ஒரு சின்ன அறையில், வலைக் கூண்டுக்குள், நல்ல பயற்றுச் செடிமேல் வளர்த்தார்கள். அதிலிருந்து சிலதை மெல்லிய பிரஷ்ஷால் எடுத்து நோய் இலைமேல் விட்டு, பிறகு நல்ல செடிமேல் விட வேண்டும். இது நடந்த பிறகுதான் நிலையத்தில் அவளைப் ‘பேன் டாக்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அதில் பெருமை வேறு.

முதல் தடவை செய்தாள். செடிகள் பச்சைப் பசேல் என்று நின்றன. முடிவு தெரியும் முன்பே, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாம் தடவையும் செய்து வைத்திருந்தாள். அதுவும் பச்சை. அன்று வீட்டுக்கு வந்தவள் கை கழுவிக்கொண்டு, தட்டை வைத்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டாள். எங்களுக்கு நடுவே உட்கார்ந்து! அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

“ஏம்மா, வேற பூச்சியா இருக்குமோ?”

“வயல் முழுக்க இதுதான் அத்தை இருக்கு. இந்தக் குடும்பத்து வைரஸை இதுதான் தூக்கிட்டுப் போகும். என் கையிலதான் ஏதோ கோளாறு.”

மறுநாள் விடுமுறை. இவள் விடுமுறை என்று சும்மா இருக்கிறவளா? மூன்றாம் தடவை செய்து பார்க்கக் கிளம்பிவிட்டாள். சாப்பிடாமல் கிடப்பாள் என்று தெரியும், அதனால் நானும் தூக்குப் பாத்திரத்தோடு கிளம்பினேன். அங்கே போனதும் என் புடவைக்கு மேல் ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டாள். எதையும் தொடாதீர்கள் என்றாள். தொடவில்லை. பார்க்காதே என்று அவள் சொல்லவில்லையே.

கண்ணாடிக் கூடத்தில் தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கிறவருக்கு அங்கே ‘தண்ணி அண்ணன்’ என்று பெயர். ஆள் கதவு உயரம். குரல் மட்டும் குழந்தைக்குத் தாலாட்டுகிற மாதிரி இருக்கும். அவர் மேசைக்கு அடியில் மூன்று பூனை, ஜன்னல் கட்டையில் எறும்புக்கு ரொட்டித் தூள். பேன் அறையும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. எனக்கு அவரைப் பார்த்த உடனே பிடித்துப் போனது.

இவள் பேன்களை ஒரு கண்ணாடித் தட்டில் எடுத்து விட்டு, மூடியைப் போட்டுவிட்டு, நோய் இலை பறிக்க வலைக்கூடத்துக்குப் போனாள். தட்டில் இலை கிடையாது, ஒன்றும் கிடையாது. பேன்கள் இங்கும் அங்கும் அலைந்தன. அண்ணன் குனிந்து பார்த்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார். இளம் இலை ஒன்றைக் கிள்ளி வந்து மூடியைத் தூக்கி உள்ளே வைத்தார். எல்லாம் ஓடிவந்து அதில் உட்கார்ந்துகொண்டன. அவை சாப்பிடும்வரை பொறுத்திருந்து, இவள் வரும் சத்தம் கேட்டதும் இலையைத் தட்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை, இடம் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான்.

எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இவள் உள்ளே வந்ததும் வாய்விட்டே சொன்னேன்: “ஏம்மா, படிச்ச உனக்கு இல்லாத இரக்கம் இந்தத் தம்பிக்கு இருக்கு பாரு. பாவம், வாயில்லாப் பூச்சி. வேலை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு இலை போட்டா என்ன?”

இவள் அப்படியே நின்றுவிட்டாள். கையில் பிரஷ். “என்ன இலை?”

“பயத்து இலைதான் மேடம்” என்றார் அண்ணன். “நல்ல இளசா பார்த்துத்தான் கிள்ளினேன்.”

“போன தடவையும் போட்டீங்களா, அண்ணே?”

“ரெண்டு தடவையும் போட்டேன். நீங்க பாட்டுக்கு மூடி போட்டுட்டுப் போயிடுறீங்க. அதுங்க அலையறதப் பார்க்க முடியல. என் பொறுப்புல ஒரு உசிரு பசியோட கெடக்கக் கூடாது மேடம்.”

இவள் பிரஷ்ஷை மேசைமேல் வைத்தாள். திட்டப் போகிறாள் என்று நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். இவளோ ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், மூன்று பூனைகளும் மேசைக்கு அடியிலிருந்து பாய்ந்து ஓடின.

“அண்ணே! அதுங்க பட்டினி கெடக்கணும் அண்ணே! பட்டினி கெடந்தாத்தான் வேலையே நடக்கும்!”

பிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினாள். பசித்த பேனை எந்த இலையில் விட்டாலும் உடனே வாயை வைத்து ஒரு குத்துக் குத்திப் பார்க்குமாம். அந்த ஒரு குத்திலேயே வைரஸ் அதன் வாய் நுனியில் ஒட்டிக்கொள்ளுமாம். உடனே எடுத்து அடுத்த செடியில் விட்டால் அங்கே ஒரு குத்து, அங்கே நோய். வயிறு நிறைந்ததோ இலையில் விட்டாலும் சும்மா நிற்கும். குத்தினால்தானே ஒட்டும்? அந்தப் பெரியவர் போனில் இதைத்தான் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். இவளும் அதன்படிதான் மூடி போட்டு வைத்திருக்கிறாள். எதற்கு என்று அண்ணனிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டாள்.

“என்ன இருந்தாலும் பட்டினி போடுறது பாவம்தான்” என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

“பாவம்தான் அத்தை. ஒரு மணி நேரப் பாவம்.”

அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. “என்னாலயா மேடம் மூட்டையெல்லாம் கொளுத்தப் போறாங்க?”

“யார் கொளுத்தறது? நீங்க எனக்குப் பாதி வேலைய முடிச்சுக் குடுத்திருக்கீங்க. இந்தத் தடவை ரெண்டு கூட்டமா பிரிப்போம். விருந்துக் கூட்டம் உங்களது, வழக்கம்போல இலை போடுங்க. பட்டினிக் கூட்டம் என்னது. நோய் இலை ஒண்ணுதான், பிரஷ் ஒண்ணுதான், நேரம் ஒண்ணுதான். பசி மட்டும்தான் வித்தியாசம். பார்த்துடுவோம்!”

மறுபடி பேன்களை எடுத்தார்கள். பட்டினித் தட்டின் பக்கம் அண்ணன் போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அவர் இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் நான் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். நேரம் ஆனதும் இவள் குனிந்தாள். பசித்த பேன் நோய் இலையில் வாய் வைத்ததும் பிரஷ்ஷால் மெதுவாகத் தொட்டு எழுப்பி, நல்ல நாற்றின்மேல் விட்டாள். தட்டில் கை வைத்தவனை எழுப்பி அடுத்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பது ஒன்றுதான் வேலை. மறுநாள் பேன்களை மருந்து தெளித்து ஒழித்துவிட்டு, செடிகளை வலைக்குள் வைத்துவிட்டார்கள். இவள் தினமும் போய் ஒவ்வொரு கொழுந்தையும் திருப்பிப் பார்ப்பாள். ஒரு வாரம் போயிற்று, ஒன்றும் இல்லை. தலைவர் கொடுத்த நேரம் முடிந்துகொண்டே வந்தது. நிலையத்தின் பின்பக்கம் விதையைக் கொளுத்த ஆள் வைத்துக் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். வேலை செய்யும்போது மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது அத்தை என்றாள். வீட்டில் மறுபடியும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒரு வியாழக்கிழமை காலை எங்கள் வீட்டுப் போன் அடித்தது. எடுத்தால் ஒரே இரைச்சல்.

“அத்தை! நரம்பு! நரம்பு!”

“யாருக்கு? என்ன ஆச்சு?”

“நரம்பு ஓரத்துல கரும்பச்சை அத்தை! பட்டினிக் கூட்டத்துல பாதிக்கு மேல வந்துடுச்சு! விருந்துக் கூட்டத்துல ஒரே ஒரு தொட்டிதான்!”

பக்கத்தில் அந்த உயரமான மனிதர் அழுதுகொண்டே சிரிக்கும் சத்தமும் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார். இவள் இரண்டு கையிலும் இரண்டு தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு, குழி வெட்டிக்கொண்டிருந்த ஆளைத் தாண்டி ஓடி, தலைவரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்திருக்கிறாள். அவருடைய பளபள மேசையில் மண்ணோடு இரண்டையும் வைத்திருக்கிறாள். அவர் மண்ணைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு தானே எழுந்து வந்து, வலைக்கூடத்தில் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து எண்ணியிருக்கிறார்.

“அப்ப விதையில வந்த நாலு செடியிலேருந்து பாதி வயலுக்குக் கொண்டு போனது பேன்தான்.”

“பேன்தான் சார்.”

“ஒரு இலையில வாய் வைக்கிற நேரத்துல.”

“அந்த நேரம்கூட வேண்டாம் சார்.”

“அந்த விருந்துக் கூட்டம், அது நல்ல யோசனைம்மா. பசி இல்லன்னா பரவுறது குறையுதுன்னு அதுதான் காட்டுது. யார் சொல்லி வெச்சீங்க?”

இவள் தண்ணி அண்ணனைக் கையால் காட்டினாள். அவர் பூனை மாதிரி கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம். கதவைவிட ஆள்தான் அகலம்.

விதை மூட்டைகளைக் கொளுத்தவில்லை. வயலில் இருந்த நோய்ச் செடிகளைப் பிடுங்கி அந்தக் குழியில் போட்டார்கள், வெட்டிய குழி வீணாகவில்லை. மூட்டையில் இருந்த விதையை வலைக்கூடத்துக்குள் விதைத்து, நோய் காட்டுகிற நாற்றை உடனே களைந்து, சுத்தமான செடியிலிருந்து மட்டும் விதை எடுப்பது என்று முடிவாயிற்று. விவசாயிகளுக்கு ஒரு விதைப்பு தள்ளித்தான் போகும். தள்ளிப் போனால் என்ன, போகப் போகிறதே!

வைரஸின் உள் எழுத்தை, அதாவது மரபணுவை, படிக்கிற இடம் ஒன்று இருக்கிறதாம், அங்கேயும் அனுப்பினாள். தெரிந்த ஆட்களுக்குச் சொந்தம்தான், ஆனால் தனி ஆள் என்று பதில் வந்தது. அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்றாள்.

“தண்ணி அண்ணன் பேரை வையேன்” என்றேன்.

“நோய்க்கு மனுஷன் பேரை வைக்கிறதா மரியாதை, அத்தை? பயிர் பேரும் இலை இருக்கிற லட்சணமும் சேர்த்துத்தான் வைப்பாங்க.”

“அப்ப உன் பேரு பயறுதானே, உன் பேரு வந்துடுச்சு போ.”

அவள் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தாள்.

போன வாரம் மறுபடி தூக்குப் பாத்திரத்தோடு போனேன். வலைக்கூடத்துக்குள் வரிசை வரிசையாகப் பயறு முளைத்து நின்றது. இவள் ஒவ்வொரு கொழுந்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். “சுத்தம். சுத்தம். இதுவும் சுத்தம் அத்தை!” என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துள்ளல். பேன் அறைப் பக்கமிருந்து தண்ணி அண்ணன் எட்டிப் பார்த்தார். கையில் ஓர் இளம் இலை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“மேடம், இன்னைக்குப் பட்டினி ஏதாவது இருக்கா? இல்ல, போடலாமா?”

“போடுங்க அண்ணே” என்றாள். “வயிறு நெறையப் போடுங்க.”

அவர் அறைக்குள் ஓடினார். நான் இவள் கையிலிருந்து இலையைப் பிடுங்கிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, நடக்க ஆரம்பித்துவிட்டாள்.